செத்த நேரம்

லூலியோவில் மைனஸ் பத்தொன்பது.
கராஜ் கதவின் அடியில் பழைய போர்வையைச் சுருட்டித் திணித்திருக்கிறாள்.
வசந்தத்தில் பிரிந்தோம்.
நாய், மேசை, இந்த வால்வோ
எல்லாம் யில்வாவுக்கு.
எனக்கு வந்தது மடிக்கணினி,
என் பெயரில் பதிந்த ட்யூனிங் உரிமம்.
அதனால்தான் கூப்பிட்டாள்.
வேறெதற்கும் இல்லை என்பதையும்
கூப்பிட்டபோதே சொல்லிவிட்டாள்.

நானூற்று நாற்பதைக் கழற்றி
ஆயிரத்தைப் பூட்டியிருக்கிறாள், தன் கையாலேயே.
பழைய இன்ஜெக்டர்கள் நான்கும்
ஜாம் பாட்டிலுக்குள் மூக்கு கறுத்துக் கிடக்கின்றன.
எத்தனாலுக்கு மாறப்போகிறேன், வாய் பெரிதாக வேண்டும் என்றாள்.
வாய் பெரிதானால் பேச்சும் பெருகும் என்றேன்.
சிரிக்கவில்லை.

முதல் ஸ்டார்ட்.
வாய் மாறியது ஈசியூவுக்குத் தெரியாது.
பழைய கணக்குக்கே திறந்து
இரண்டு மடங்குக்கு மேல் கொட்டியது.
கராஜ் முழுக்கச் சாராய நெடி, கண் எரிச்சல்,
நனைந்த பிளக்குகள், ஒரு செருமல், அமைதி.
பக்கத்து வீட்டு ஹில்டிங்
பனி வாரும் மண்வெட்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.
இந்தத் தெருவில் அதைவிடக் கடுமையான ஏச்சு கிடையாது.

நானூற்று நாற்பதை ஆயிரத்தால் வகுத்தேன்.
புள்ளி நான்கு நான்கு.
அட்டவணை மொத்தத்தையும் அதனால் பெருக்கிவிட்டால்
வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு.
நானே அப்படித்தான் இருந்தேன், ரொம்ப நாள்.
டர்போ ஊதும்போது பிரச்சினையே இல்லை,
அள்ளி ஊற்றலாம், குடிக்கும்.
சும்மா நிற்கையில்தான் சோதனை.
இவ்வளவு பெரிய வாயால்
ஒரே ஒரு சொட்டு தர வேண்டும்.

எந்த இன்ஜெக்டருக்கும் ஒரு செத்த நேரம் உண்டு.
திற என்று மின்சாரம் போய்ச் சேர்ந்த பிறகு
ஊசி எழும்பும்வரை வீணாய்க் கழிவது.
ஒரு மில்லிசெகண்ட் இருக்கும்.
சொல்லியாயிற்று; எதுவும் வரவில்லை.
வோல்டேஜ் இறங்க இறங்க அது நீளும்.

இரண்டு மணி நேரத்தில் அடங்கியது.
எண்ணூற்றைம்பது சுற்று, லாம்டா ஒன்று,
ஊசி குத்தியதுபோல் நிலைத்து நின்றது.
அப்போது அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள்.
பதினான்கு வோல்ட் பன்னிரண்டரையானது.
லாம்டா ஒன்று புள்ளி இரண்டுக்கு ஏற,
என்ஜின் படி தவறியவன்போல் தடுமாறியது.
அணைத்துவிடு என்று கத்தினேன்.
செத்த நேரம் இரு என்றாள்,
பன்னிரண்டு வோல்ட் கட்டத்தைப் பார், அங்கே குறைவாக இருக்கிறது.
பார்த்தேன். இருந்தது.
ஒன்று புள்ளி இரண்டு. இல்லை.
ஒன்று புள்ளி மூன்று.
என்ஜினுக்குக் கால் கிடைத்தது.
அதற்குப் பிறகுதான்
என் முதுகில் சூடு ஏறுவது தெரிந்தது.
அவள் அழுத்தியது என் இருக்கையின் ஹீட்டரை.
இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மரக்கிடங்கின் ஆளற்ற ஓடுதளத்தில்
மூன்றாம் கியரில் முழுதாய் மிதித்தாள்.
லாம்டா புள்ளி எட்டு, ஒரு தட்டல் சத்தம்கூட இல்லை.
அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

திங்கட்கிழமை ஒரு பதிவுக் கோப்பு அனுப்பியிருந்தாள்.
வணக்கம் இல்லை, பெயர் இல்லை.
காலை ஆறு பன்னிரண்டு, மைனஸ் இருபத்து மூன்று.
ஸ்டார்ட்டர் சுழலும்போது ஒன்பது புள்ளி எட்டு வோல்ட்.
இரண்டு முறை திணறி, மூன்றாவதில் பிடித்திருக்கிறது.
ஆறு இருபதுக்கு வோல்டேஜ் ஒரு படி இறங்குகிறது.
அவள் இருக்கை.
சில வினாடி கழித்து இன்னொரு படி.
அது யாருக்கு என்று கோப்பில் இல்லை.
நாயாக இருக்கலாம், அதற்குக் குளிர் ஆகாது.
அடுத்த பத்தியைப் பார்த்தேன்.
எண்ணூற்றைம்பது, எண்ணூற்றைம்பது,
எண்ணூற்று நாற்பத்தெட்டு,
எண்ணூற்றைம்பது.